யூடியூப் சமையலும் நம்ம வீட்டு அடுப்பும்



இந்த மாதப் பாடம் கடன் பற்றியது இல்லை, கணக்கு நோட்டு பற்றியதும் இல்லை. அடுப்படி பற்றியது. ஆனால் படித்து முடிக்கும்போது கடனும் நோட்டும் இதற்குள் வந்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

இன்றைக்கு நம் கையில் போன் இருக்கிறது. போனில் சமையல் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது வீட்டில் அடைந்து கிடந்த எல்லோரும் போனைப் பார்த்துத்தான் குக்கரில் கேக் செய்தோம், காபித்தூளை நுரைக்க அடித்து டால்கோனா காபி என்று குடித்தோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்ன வீரமங்கலம் என்ற சின்ன ஊரிலிருந்து ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைத்துக் காட்டினார்கள். ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்று பெயர். 2018-இல் ஆரம்பித்தது. 2021-இல் ஒரு கோடி பேர் அதில் சேர்ந்தார்கள். தமிழ்ச் சேனல்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அதுதான். அந்தத் தாத்தா பெரியதம்பி முன்பு சமையல் தொழில் செய்தவர். கைப்பழக்கம் உள்ளவர். அதனால் அவர் அள்ளிப் போடுகிற உப்பு சரியாக இருக்கும். நாம் அதே மாதிரி அள்ளிப் போட்டால் சரியாக இருக்குமா?

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இன்னொரு குழு இதில் மாட்டக் கூடாது.

நாற்பது பாட்டில் இறால் ஊறுகாய்

கேளம்பாக்கம், படூர், நாவலூர் பக்கம் எத்தனை அடுக்குமாடி வந்துவிட்டது என்று உங்களுக்கே தெரியும். சிறுசேரி கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டுச் சமையல் ருசி வேண்டும், செய்ய நேரம் இல்லை. அப்படி ஒரு குடியிருப்பில் நாங்கள் கடை போட்டபோது, “இறால் ஊறுகாய் செய்வீங்களா?” என்று கேட்டார்கள். எங்கள் குழுவில் கோவளத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த அக்கா ஒருவர், “செய்வோம்” என்று சொல்லிவிட்டார். இறால் அவருக்குப் பழக்கம்தான். ஊறுகாய் போட்டுப் பழக்கம் இல்லை.

போனில் ஒரு வீடியோ பார்த்தோம். அரை கிலோ இறாலுக்குச் சொல்லியிருந்தார்கள். அதே மாதிரி அரை கிலோ செய்தோம். அடேயப்பா, அப்படி ஒரு ருசி! நான்கு நாளில் பாட்டில் காலி. அந்தத் தைரியத்தில் உள்கடனாக 7,500 ரூபாய் எடுத்து, உரித்த இறால் 6 கிலோ, எண்ணெய், பாட்டில், லேபிள் எல்லாம் வாங்கினோம். ஒரே நாளில் 150 கிராம் பாட்டில் நாற்பது போட்டுக் கொடுத்தோம்.

பதினொன்றாம் நாள் ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. மூடி உப்பிக்கொண்டு நிற்கிறது, திறந்தால் ‘புஸ்’ என்று சத்தம் வருகிறது, எண்ணெய்க்கு அடியில் நுரை என்றார்கள். அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போய்ப் பாட்டில்களைத் திரும்ப வாங்கினோம். ஏழு வீட்டில் பாதி சாப்பிட்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ராத்திரி நாங்கள் யாரும் தூங்கவில்லை. அதில் ஒரு வீட்டில் மாசமாக இருக்கிற பொண்ணு இருந்தாள்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். உள்கடன் மட்டும் நின்றது. கூட்டத்தில் ஆளுக்கு ஆள் அந்த அக்காவைத்தான் கேட்டோம். அவர் இரண்டு கூட்டத்துக்கு வரவே இல்லை. சேமிப்பை மட்டும் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினார். இன்று யோசித்தால், வீடியோவைக் காட்டியது அவர் என்றாலும் தீர்மான நோட்டில் பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

எங்கே தவறினோம்?

பிறகு பயிற்சி கொடுக்கும் ஒருவரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னோம். அவர் எங்களைத் திட்டவில்லை. ஒரு தாள் எடுத்து, அரை கிலோ செய்தபோது என்ன செய்தீர்கள், ஆறு கிலோ செய்தபோது என்ன செய்தீர்கள் என்று இரண்டு பக்கமாக எழுதச் சொன்னார். எழுதி முடிக்கும் முன்பே எங்களுக்கே புரிந்துவிட்டது.

முதலில் தண்ணீர். அரை கிலோ இறாலைச் சின்ன வடச்சட்டியில் பதினைந்து நிமிடம் வறுத்தோம். இறாலில் உள்ள நீர் எல்லாம் சுண்டிப்போய் மொறுமொறுவென்று ஆனது. ஆறு கிலோவைப் பெரிய வாணலியில் இரண்டு தடவையாகப் போட்டு அதே பதினைந்து நிமிடம் வறுத்தோம். குவிந்து கிடக்கிற இறாலில் ஆவி வெளியே போக வழி கொஞ்சம்தான். மேலே சிவந்தது, உள்ளே ஈரம் நின்றது. வீடியோவில் சொன்ன நிமிடக் கணக்கு அவர்களுடைய சட்டிக்கும் அவர்களுடைய அளவுக்கும் உரியது. அளவைக் கூட்டினால் நிமிடம் அப்படியே கூடாது, குறையவும் குறையாது. நெருப்பு, சட்டியின் வாய் அகலம், ஒரு தடவைக்குப் போடும் அளவு எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும். கல்யாண வீட்டுச் சாம்பார் மாஸ்டர் வீட்டில் நாலு பேருக்குச் சாம்பார் வைக்கத் தடுமாறுவதும் இதனால்தான். சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடும்.

அடுத்தது உப்பு. இது நம் ஊருக்கே உரிய தப்பு! கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற சாலையில் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். கல் உப்புதான் நமக்கு உப்பு. முதல் தடவை அரை கிலோவுக்குத் தூள் உப்பு ஒரு மேசைக்கரண்டி போட்டோம். பெரிய அளவுக்குத் தூள் உப்பு போதவில்லை என்று கல் உப்பை அதே கரண்டியால் பன்னிரண்டு தடவை அளந்து போட்டோம். பிறகு எங்கள் தராசில் நிறுத்துப் பார்த்தோம். ஒரு கரண்டி தூள் உப்பு 18 கிராம். கல் உப்பு 14 கிராம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்றுதானே இருக்கிறது! பன்னிரண்டு கரண்டிக்கு 48 கிராம் உப்பு குறைந்துவிட்டது. குழம்பில் உப்பு குறைந்தால் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஊறுகாயில் உப்பு ருசிக்கு மட்டும் போடுவதில்லை, கெடாமல் காப்பதற்கும் போடுகிறோம்.

மூன்றாவது வினிகர். “அபார்ட்மெண்ட் ஆளுங்க ரொம்பப் புளிச்சா சாப்பிட மாட்டாங்க” என்று நாங்களாக முடிவு செய்து பாதியாகக் குறைத்தோம். இதுதான் பெரிய தப்பு. எண்ணெய் மூடி நிற்கிற பாட்டிலுக்குள் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில், புளிப்பும் குறைவாக இருந்தால், சில கிருமிகள் வளரும். அதில் ‘க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்’ என்ற ஒன்று விஷத்தையே உண்டாக்கும். அந்த விஷம் கை கால் விழச் செய்யும், மூச்சை நிறுத்தும். சில சமயம் வாசனையிலும் நிறத்திலும் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. புளிப்பை அளக்க ‘பி.எச்.’ என்று ஒரு கணக்கு உண்டு. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். அது 4.6-க்கு மேலே போனால் அந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம். ஆகவே மீன், இறால், பூண்டு, காளான் இவற்றை எண்ணெயில் போட்டு வைக்கிற எந்தக் குறிப்பிலும் வினிகரையோ எலுமிச்சையையோ நம் இஷ்டத்துக்குக் குறைக்கக் கூடாது. கடை வினிகர் நான்கு, ஐந்து சதவீதம் செறிவில் வரும். அதில் தண்ணீர் கலப்பதும் குறைப்பதும் ஒன்றுதான்.

மூடி உப்பியிருந்தாலோ நுரை வந்திருந்தாலோ “எதுக்கும் ஒரு வாய் வச்சுப் பார்ப்போம்” என்று நாக்கில் வைக்காதீர்கள். நாயும் கோழியும் கிளறாதபடி ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் தடவை செய்தது நான்கு நாளில் தீர்ந்துவிட்டது என்றேன் அல்லவா? அது பதினைந்தாம் நாள் எப்படி இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. வீடியோவில் செய்தவரும் செய்த உடனே சாதத்தில் பிசைந்து சாப்பிட்டுக் காட்டினார். விற்கிற பொருளுக்கு நாம் பார்க்க வேண்டியது இருபதாம் நாளையும் முப்பதாம் நாளையும்.

கப் என்றால் எந்தக் கப்?

இனி விற்பனைக்கு இல்லாமல் வீட்டுக்கே செய்து பார்க்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

‘ஒரு கப் மைதா’ என்கிறார்கள். எந்தக் கப்? டீக்கடைக் கப்பா, மாமியார் சீதனமாகக் கொண்டுவந்த பித்தளை டம்ளரா? சமையல் குறிப்பில் கப் என்றால் பெரும்பாலும் 240 மில்லி. மேசைக்கரண்டி 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி. ஆஸ்திரேலியாக்காரர்களின் மேசைக்கரண்டி மட்டும் 20 மில்லி! இது நம்மைக் குழப்ப என்றே வந்த மாதிரி இருக்கிறது. ஆனால் இந்தக் குழப்பம் புதிதில்லை. மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ புத்தகத்தை 1951-இல் வெளியிட்டபோது நம் கடைகளில் கிராமும் இல்லை, லிட்டரும் இல்லை. படி, ஆழாக்கு, பலம்தான். அந்தப் படியும் ஊருக்கு ஊர் மாறும். 1958-க்குப் பிறகுதான் கிலோ கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நம் பாட்டிமார் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பக்குவம் கேட்டபோதும் “உங்க ஆழாக்கு எவ்வளவு பிடிக்கும்?” என்று கேட்டுத்தான் ஆரம்பித்திருப்பார்கள்.

ஒரே கப்பில் எடை மாறும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 240 மில்லிக் கப்பில் சர்க்கரை 200 கிராம் பிடிக்கும். மைதா 125 கிராம்தான் பிடிக்கும். மைதாவை அமுக்கி அளந்தால் 150-க்கு மேலே போய்விடும், கேக் செங்கல் மாதிரி வரும். குழுவுக்குள் பொதுவாக ஒரு சின்ன மின் தராசு வாங்கிவிடுங்கள். எங்கள் குழு வாங்கிய பொருள்களிலேயே உருப்படியானது அதுதான் என்று சொல்வேன்.

பெயரும் ஏமாற்றும். அமெரிக்காவில் ‘ஆல் பர்ப்பஸ் ஃப்ளவர்’ என்றால் ஏறக்குறைய நம் மைதா. ‘சிலாண்ட்ரோ’ என்றால் கொத்தமல்லித் தழை. ‘கார்ன் ஸ்டார்ச்’ என்றால் நாம் சூப்பில் கரைக்கிற வெள்ளைச் சோளமாவு. மஞ்சளாக இருக்கிற மக்காச்சோள மாவு அது இல்லை. தமிழ்தானே என்று யாழ்ப்பாணத்துச் சமையல் வீடியோவைப் பார்த்தாலும் உள்ளி என்பார்கள், அது பூண்டு. தேசிக்காய் என்பார்கள், அது எலுமிச்சம்பழம். பெருஞ்சீரகம் என்றால் சோம்பு. ஒரு தடவை நான் சோம்புக்குப் பதில் சீரகம் போட்டு மீன் குழம்பு வைத்து, வீட்டுக்காரர் “ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். ரசம் மாதிரி இருந்ததாம்.

ஆப்பசோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றில்லை. ஆப்பசோடா பொங்குவதற்குத் தயிர், மோர், எலுமிச்சை மாதிரி ஒரு புளிப்பு வேண்டும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பையும் சேர்த்தே கலந்திருக்கிறார்கள். அதனால் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடருக்குப் பதிலாக ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா போட்டால் சோப்பு வாடை அடிக்கும், கேக் மஞ்சள் பூக்கும். கால் தேக்கரண்டி சோடா போதும், கூடவே தயிர் வேண்டும்.

சூடும் அப்படித்தான். 350 டிகிரி என்று பார்த்துவிட்டு, “நம்ம ஓவன்ல 250 வரைதானே இருக்கு” என்று ஒரு தங்கை கடைசி வரை முறுக்கி வைத்தாள். கேக் கரிக்கட்டை ஆனது. அவர்கள் சொன்னது பாரன்ஹீட் கணக்கு. 350 பாரன்ஹீட் என்றால் நம் கணக்கில் 175 டிகிரி செல்சியஸ். 400 என்றால் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் மணலோ உப்போ பரப்பி கேக் வைக்கிறோம். அப்படி வைத்தால் மூடியின் ரப்பரையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள். தண்ணீர் இல்லாத குக்கரை மூடி அழுத்தத்தில் வைப்பது வீட்டுக்குள் வெடி வைப்பதற்குச் சமம். வெறும் சூட்டில் குக்கரின் அடியும் நாளடைவில் கெடும். கனமான பழைய அடுக்கு ஒன்று இருந்தால் கேக்குக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கடல்காற்றையும் கணக்கில் எடுங்கள். ராஜஸ்தான் வீடியோவில் ஒரே நாளில் வடகம் காய்ந்துவிடும். இங்கே முட்டுக்காட்டுப் பக்கத்து ஈரக் காற்றில் மூன்று நாள் வெயில் வேண்டும், ஐப்பசியில் போட்டால் பூஞ்சைதான் மிஞ்சும்.

மருந்துச் சமையல் என்று வருகிறதைப் பற்றி ஒரே ஒரு சொல். 2010-இல் டெல்லியில் ஒருவர் உடம்புக்கு நல்லது என்று சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்துபோனார். அவர் ஒரு விஞ்ஞானி. சாறு கசந்திருக்கிறது, கசப்பைப் பொறுத்துக்கொண்டு குடித்திருக்கிறார். சுரைக்காய், வெள்ளரிக்காய் இவற்றில் கசப்பு இருந்தால் அதில் நஞ்சு இருக்கிறது என்று பொருள். நம் வீட்டுப் பெரியவர்கள் நறுக்கியவுடன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பார்களே, அதை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோய்க்கு இதைக் குடி, அதைக் குடி என்று போனில் சொன்னால் நர்ஸ் அம்மாவிடமோ டாக்டரிடமோ கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மறுபடி செய்தோம்

அந்த அக்கா மூன்றாவது கூட்டத்துக்கு வந்தார். கையில் பிள்ளையின் பழைய கோடு போட்ட நோட்டு. தன் சொந்தக் காசில் கால் கிலோ, கால் கிலோவாக மூன்று தடவை செய்து பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றை மாற்றியிருக்கிறார். நோட்டில் இப்படி இருந்தது: ‘இறால் 250 கிராம். வறுத்த பின் 130 கிராம். உப்பு 9 கிராம். வினிகர் வீடியோ அளவு, குறைக்கவில்லை. நெருப்பு நடுத்தரம். 5-ஆம் நாள் சரி. 10-ஆம் நாள் சரி. 20-ஆம் நாள் காரம் தூக்கல், மற்றபடி சரி.’

படித்ததும் எங்களுக்குப் பேச்சு வரவில்லை. ஊக்குநர்தான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இப்போது நிமிடத்தைப் பார்ப்பதில்லை, எடையைப் பார்க்கிறோம். பச்சை இறாலின் எடை ஏறக்குறைய பாதிக்கு வரும் வரை வறுக்கிறோம், ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் போடுவதில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு பாட்டிலை விற்காமல் தேதி எழுதி அலமாரியில் வைக்கிறோம். விற்பனைக்கு முன் புளிப்பு அளவையும் கெடாமல் இருக்கும் நாளையும் ஆய்வகத்தில் பார்த்துவிடுவது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுப் பதப்படுத்தும் நிறுவனம் (நிஃப்டெம்) இருக்கிறது. பயிற்சி பற்றி அங்கே விசாரிக்கலாம். விற்கிற எந்த உணவுக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். லேபிளில் அந்த 14 இலக்க எண், சேர்த்த பொருள்கள், எடை, செய்த தேதி, எந்தத் தேதி வரை சாப்பிடலாம், நம் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். அந்தக் கடைசித் தேதியை நாமே குத்துமதிப்பாகப் போடக் கூடாது. உள்கடனில் இன்னும் 2,000 ரூபாய் பாக்கி இருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்குப் பயிற்சி

ஒவ்வொருவரும் வீட்டில் அளக்கப் பயன்படுத்தும் டம்ளரையும் கரண்டியையும் கொண்டு வாருங்கள். குழுவுக்கு ஒரு தராசு போதும். காலி டம்ளரை வைத்து எடையைப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி நிறுங்கள். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். 240 காட்டினால் உங்கள் டம்ளர் ஒரு கப். 180 காட்டினால் முக்கால் கப். டம்ளரின் அடியில் அந்த எண்ணை ஆணியால் கீறி வையுங்கள். பிறகு உங்கள் கரண்டியால் தூள் உப்பு ஒரு தடவை, கல் உப்பு ஒரு தடவை நிறுத்து, இரண்டு எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். யார் வீட்டு டம்ளர் பெரிசு என்று சண்டை வராமல் பார்த்துக்கொள்வது பிரதிநிதிகள் பொறுப்பு!